தெலுக் பாஹாங் காட்டுப்பாதை: அமைதியாக நடக்க மங்கி பீச்சா, கெராச்சுட்டா?

கேள்வி (பட்டர்வர்த்_நடை):
வணக்கம். பினாங்குத் தேசியப் பூங்காவில் அரைநாள் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். கூட வருவது 62 வயது அம்மா. தினமும் நடப்பவர்தான், ஆனால் இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். காடி இல்லை, ஜார்ஜ்டவுன் கொம்தார் பஸ் நிலையத்திலிருந்து பஸ்தான். எந்தப் பாதை, எத்தனை மணிக்கு?

பதில் (காட்டுவழி):
அமைதிதான் முக்கியம் என்றால் கெராச்சுட் கடற்கரை. மங்கி பீச் வரைக்கும் போட் ஓடுகிறது. சனி ஞாயிறில் கரையில் ஒரே இரைச்சல். வார நாளில் போங்கள். 101ஆம் எண் பஸ் தெலுக் பாஹாங் வரை வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் பசியாறலை முடித்துவிட்டே ஏறுங்கள். பூங்கா அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு நடந்தால் சுமார் அரை கிலோமீட்டரில் பாதை பிரியும். கடலோரமாகப் போவது மங்கி பீச், மேட்டில் ஏறுவது கெராச்சுட். முழுக்க நிழல், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் ஏரியை நின்று பாருங்கள். மேலே நன்னீர், அடியில் கடல்நீர். உப்புநீர் கனமானது என்பதால் இரண்டும் கலக்காமல் அடுக்காகவே கிடக்கும். மழை குறைந்த மாதங்களில் போனால் வெறும் மணல் பள்ளம்தான்.

பதில் (தெலுக்_குமார்):
முழங்கால் வலி இருப்பவரை மேடு தாண்ட வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கெராச்சுட்டுக்கு ஏறி இறங்க வேண்டும், திரும்பும்போதும் அதே கதை. போட்டில் திரும்பலாம்தான், ஆனால் அலை பெரிதாக இருந்தால் போட் வராது. நடந்தே திரும்பும் தெம்பு இருந்தால் மட்டும் அந்தத் திட்டம் போடுங்கள்.

கடலோரப் பாதையில் யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆய்வு நிலையம் இருக்கும் தெலுக் அலிங் வரை போய்த் திரும்புங்கள். சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்தான், எந்த இடத்திலும் நின்று திரும்பிவிடலாம். 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் மங்கி பீச்சிலிருந்து செங்குத்தான ஏற்றம்; அம்மாவுக்கு வேண்டாம்.

கேள்வி (பட்டர்வர்த்_நடை):
நன்றி அண்ணே, தெலுக் அலிங்தான் சரிப்படும். முதல்நாள் மழை பெய்திருந்தால்?

பதில் (காட்டுவழி):
குமார் சொல்வது சரி, முழங்காலைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மழைக்குப் பிறகு ஆளைச் சாய்ப்பது சேற்றைவிட வேர்தான். பாதையில் குறுக்கே ஓடும் வேர், பலர் மிதித்துத் தோல் உரிந்து வழவழவென்று இருக்கும். மேலே ஈர இலை மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. வேர்மேல் கால் வைக்காமல், தாண்டி மண்ணில் வையுங்கள். அடி தேய்ந்த சப்பாத்து ஆகாது. இறக்கத்தில் அம்மா கையில் ஒரு கம்பு இருந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும்.

தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். இந்த ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடியுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். அந்தச் சரசரப்பு கேட்டாலே குரங்குக்குச் சாப்பாடு என்று தெரியும். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

காலை எட்டரைக்குள் நடக்கத் தொடங்கினால் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடலாம். மதியத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் இடிமழை பிடிக்கும்.