புதுப்பிப்பு: எஸ்பார் முறையில் எழுதிய பரிந்துரை என்ன ஆயிற்று?

டிஸ்சார்ஜ் தாமதத்தைக் குறைக்கும் யோசனையை எங்கள் மருத்துவமனை நிர்வாகத்திடம் எப்படி வைப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற எஸ்பார் (SBAR) வரிசையில் எழுதச் சொன்னீர்கள். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளிலிருந்து கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனம் வழியாக மருத்துவத்துக்கு வந்த முறை. நோயாளியின் நிலையை டாக்டருக்குப் போனில் சொல்லத்தான் நாங்கள் அதைப் பழகியிருந்தோம்.

முதல் வரைவில் பின்னணியே இரண்டு பக்கம் ஓடிவிட்டது (புலம்பல்தான், வேறென்ன). மதிப்பீட்டை எழுதும்போதுதான் உறைத்தது: ஆள் பற்றாக்குறை அல்ல, பில் முடிந்த பிறகே மருந்துச் சீட்டு நகர்வதுதான் காரணம். பரிந்துரையையே மாற்றினேன்: இரண்டையும் முந்தின நாள் மாலையே தொடங்குவது.

கூட்டத்தில் நிர்வாகத்தினர் நேராகக் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு, செலவு எவ்வளவு என்றார்கள். அதை நான் எழுதவே இல்லை! அப்புறம், சரி, ஒரு வார்டில் பார்க்கலாம் என்றார்கள். திங்கட்கிழமை தொடங்குகிறோம்.