பெற்றோர் லாகின்ல ஃபீஸ் பில் தெரியுது, கிரேடு தெரியல. ஃபெர்பா (மாணவர் பதிவுகளுக்கான அமெரிக்கத் தனியுரிமைச் சட்டம்) படிவம் கொடுத்தாச்சு, இன்னும் என்ன பாக்கி?

கேள்வி:
அமெரிக்காவில் ஸ்டேட் யுனிவர்சிட்டி, இரண்டாம் வருஷம், பையனுக்கு வயசு 19. போன வருஷமே ஃபெர்பா ஒப்புதல் கொடுத்துட்டதா சொல்றான். பெற்றோர் லாகின்ல பில் வருது, பணம் கட்ட முடியுது, கிரேடுக்கான பக்கமே இல்ல. சேர்க்கை, கிரேடு பதிவுகளை வெச்சிருக்கற ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கேட்டா, "இந்தப் பெயரில் மாணவர் இருக்கிறாரா என்றுகூட சொல்ல இயலாது"ங்கறாங்க. ஃபீஸ் கட்டறது நாங்கதான், வரி ரிட்டர்ன்லயும் அவனை டிபெண்டென்ட்டா (எங்க ஆதரவுல இருக்கறவனா) காட்டறோம். எங்க சிக்கல்?

பதில் 1:
உங்க கேள்வியில ரெண்டு தனித்தனிச் சிக்கல் இருக்கு சார்.

ஒண்ணு, நீங்க வெச்சிருக்கறது பில் கட்டும் அனுமதி மட்டும். அது பண ஆபீஸோட வாசல், மார்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பையன் தன் போர்ட்டல்ல நுழைஞ்சு, 'ப்ராக்ஸி' (மாணவர் வேறொருத்தருக்குக் கொடுக்கற பார்வை அனுமதி) இல்லன்னா 'தகவல் பகிர்வு'ன்னு இருக்கற இடத்தைத் திறக்கணும். உங்க ஈமெயிலுக்கு எதிரே பில், நிதியுதவி, கிரேடுன்னு தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் பில்லுக்கு மட்டும் டிக் இருக்கும், கிரேடு காலியா கிடக்கும். "ஃபெர்பா கொடுத்தாச்சு"ன்னு பசங்க சொல்றது பாதி நேரம் இந்த பில் டிக்கைத்தான். காகிதப் படிவம்னா எந்தப் பதிவு, எதுக்காக, யாருக்குன்னு மூணும் எழுதி, கையெழுத்தும் தேதியும் இருக்கணும். பல காலேஜ்ல அதுக்குக் காலக்கெடுவும் உண்டு; போன வருஷத்துது காலாவதி ஆகியிருக்கலாம்.

ரெண்டாவது, "இருக்கிறாரா என்றுகூட சொல்ல இயலாது"ங்கற அந்த வரி. பெயர், படிக்கற துறை, சேர்க்கை நிலை மாதிரி விவரங்களைக் காலேஜ் பொதுவா 'டைரக்டரி தகவல்'னு வெச்சிருக்கும், கேட்டா சொல்லலாம். அதைக்கூட மறுக்கறாங்கன்னா, பையன் அதுக்குத் தடை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். சேர்ந்த புதுசுல ஏதோ ஒரு பக்கத்துல தெரியாம டிக் பண்ணியிருப்பான். மார்க்கைவிட இதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது. தடை இருக்கறவரை பட்டமளிப்பு விழாப் புத்தகத்துல பேர் வராம போகலாம், வேலை கொடுக்கறவங்க டிகிரியைச் சரிபார்க்கக் கேட்டாலும் "பதிவு இல்லை"ன்னு பதில் போகலாம். அவன்தான் ரெஜிஸ்ட்ரார்கிட்ட எழுத்துல கேட்டு எடுக்கணும், உங்களால முடியாது.

கேட்டவர்:
நன்றிங்க. அவனையே பார்க்கச் சொல்றேன். ஆனா டிபெண்டென்ட்டுங்கறதால காலேஜ் எங்களுக்குக் கொடுத்தே ஆகணும்னு ஒருத்தர் சொன்னாரே?

பதில் 2:
"கொடுக்கலாம்"ங்கறதை "கொடுத்தே ஆகணும்"னு படிச்சிருக்காங்க. 1974-ல வந்த ஃபெர்பா சட்டப்படி, பிள்ளைக்கு 18 ஆனாலோ, எந்த வயசிலயும் காலேஜ்ல சேர்ந்தாலோ உரிமை பெற்றோர்கிட்டேர்ந்து மாணவருக்குப் போயிடும். ஃபீஸ் யார் கட்டறாங்கங்கறதை சட்டம் பார்க்கறதே இல்ல. வரிச் சட்டப்படி டிபெண்டென்ட்டா இருந்தா, ஒப்புதல் இல்லாமலே பெற்றோருக்குச் சொல்ல காலேஜுக்கு அனுமதி உண்டு, கட்டாயம் இல்ல. அம்மா அப்பா தனித்தனியா ஃபைல் பண்ணி ஒருத்தர் மட்டும் காட்டியிருந்தாலும் இன்னொருத்தருக்கும் சொல்லலாம்.

இந்த வழியில போறதுன்னா, காலேஜ் இதை ஏத்துக்குமான்னு முதல்ல கேளுங்க. ஏத்துக்கிட்டா சமீபத்திய 1040 படிவத்துல (அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன்) டிபெண்டென்ட் பெயர் இருக்கற பக்கத்தைக் கேப்பாங்க. வருமானத் தொகையையும் சோஷியல் செக்யூரிட்டி எண்களையும் எவ்வளவு மறைக்கலாம்னு கேட்டுக்கிட்டு அனுப்புங்க. முழு ரிட்டர்னை ஈமெயில்ல தூக்கிப் போடாதீங்க. (வேடிக்கை என்னன்னா, நிதியுதவிக்காக நீங்க கொடுத்த வருமானப் பேப்பரைப் பையனுக்குக் காட்ட வேண்டியதில்லன்னு இதே சட்டம் சொல்லுது.)

பதில் 3:
இந்தியாவில் இருந்து எஃப்-1 மாணவர் விசாவில் பிள்ளையை அனுப்பினவங்க கவனிக்க: மாணவர் எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் இந்தச் சட்டம்தான். நீங்க அங்க வரி ரிட்டர்ன் போடறதில்ல, அதனால டிபெண்டென்ட் வழி உங்களுக்குக் கிடையாது. மாணவரோட ஒப்புதல் ஒண்ணுதான் வழி.

கேட்டவர்:
கிரேடு கட்டத்தை டிக் பண்ணிட்டான். இப்ப போன செமஸ்டர் கிரேடு வருது, இந்த செமஸ்டர் டெஸ்ட் மார்க் எதுவும் வரல.

பதில் 1:
வராது. ப்ராக்ஸியில தெரியறது ரெஜிஸ்ட்ரார்கிட்ட பதிவான கிரேடு. நடுவுல வர்ற குவிஸ், அசைன்மென்ட் மார்க்கெல்லாம் கேன்வாஸ் மாதிரி வகுப்புத் தளத்துல இருக்கும், அதுக்குப் பெற்றோர் ப்ராக்ஸி பொதுவா போகாது. ப்ரொஃபசருக்கு எழுதியும் பலன் குறைவு: ஒப்புதல் இருந்தா அவர் பேசலாம், பேசியே ஆகணும்னு இல்ல. பையனோட பாஸ்வேர்டை வாங்கி நுழையற யோசனை மட்டும் வேண்டாம். பாஸ்வேர்டைப் பகிர்றது காலேஜ் விதிப்படி அவன் தப்பு, மாட்டறதும் அவன்தான். அவன் திரையை உங்க பக்கம் திருப்பிக் காட்டினாலே போதும், அதுக்கு எந்தப் படிவமும் வேண்டாம்.

அந்த டைரக்டரி தடையைப் பார்த்தானா?