பெரிய விட்ட சிலிண்டர் பொருத்திய பந்தயக் குவாடு: எஞ்சின் எவ்வளவு தாங்கும்?

கேள்வி: யமஹா ஒய்எஃப்ஸெட்450ஆர் குவாடின் (நான்கு சக்கரப் பந்தய வண்டி) 95 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரை 98 மி.மீ. ஆக்க எண்ணியுள்ளேன். ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 63.4 மி.மீ. ஆகவே இருப்பதால் கொள்ளளவு ஏறத்தாழ 478 சிசி ஆகும். எஞ்சின் ஆயுள் பெரிதும் குறையுமா?

மறுமொழி 1: விட்டம் கூடியதால் மட்டும் எஞ்சின் பழுதாகிவிடாது. சிலிண்டர் சுவர் மெலிவதும், பிஸ்டன் கனமானால் அதைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடும் கிராங்க் பேரிங்கும் கூடுதல் சுமை தாங்குவதும், எரிபொருள் அளவைத் திருத்தாமல் விட்டால் கலவையில் எரிபொருள் குறைந்து பிஸ்டன் தலை உருகுவதுமே உண்மையான ஆபத்துகள். ஆகவே இசியூ மேப்பிங்கை (எஞ்சின் கணினியில் உள்ள எரிபொருள் அளவு அமைப்பை) மாற்றாமல் ஓட்டவே வேண்டாம். ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு அடைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பாருங்கள்.

மறுமொழி 2: மேலே சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன், ஆனால் பந்தய எஞ்சின்களை அதிகம் கெடுப்பது தூசிதான் என்பது என் உறுதியான கருத்து. ஏர் ஃபில்டரைக் கழற்றியதும் இன்டேக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தாலும் தூசி உள்ளே போகிறது என்று பொருள். வால்வு இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். ஷிம் (அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றிய சிறிது காலத்திலேயே அது மீண்டும் சுருங்கினால், வால்வு முகம் தேய்ந்துவிட்டது. மறுபடியும் ஷிம் மாற்றிக் காலம் கடத்தாமல் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. முதலில் லீக்‌டவுன் சோதனை (சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கசிவை அளப்பது) செய்து, இப்போதைய நிலையைக் குறித்துக்கொண்ட பிறகே சிலிண்டரைக் கழற்றுகிறேன்.