மறு: அலுமினியத்தில் ஆர்க் ஆடுகிறது – தமிழில் என்ன சொல்லலாம்?

வெல்டிங் ஆசிரியர், கோவை:
வணக்கம். ஐ.டி.ஐ. தமிழ்வழி மாணவர்களுக்கு டிக் (TIG) வெல்டிங் கோளாறுகள் பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். டங்ஸ்டன் கம்பியின் முனைக்கும் உலோகத்துக்கும் இடையே மின்சாரம் பாய்ந்து எரிவதுதான் ஆர்க்; அந்தச் சூட்டில் உலோகத்தை உருக்கி இணைப்பது டிக் வெல்டிங். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நேற்று ஒரு பையன் டங்ஸ்டன் முனையை உருகிய அலுமினியத்தில் தொட்டுவிட்டான். முனையில் மிளகளவு ஒட்டிக்கொண்டது. அதன்பின் ஆர்க் நேரே இறங்காமல் இப்படியும் அப்படியும் தாவியது. "சார், ஆர்க் ஆடுது" என்றான். ஆர்க்குக்குத் தமிழில் வில் என்பதால் 'வில் அலைவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு):
ஒப்பாததில் நியாயம் உண்டு. பாடநூலில் அலைவு என்றால் ஊசல் போலக் காலமுறையில் போய் வருவது. இதற்கு ஏது காலமுறை? அலுமினியத்துக்கு ஏசி (மாறுமின்னோட்டம்) வேறு. அதிர்வெண்ணும் அதே பக்கத்தில் வரும், பையன் குழம்புவான். வில் என்பதே எனக்கு உறுத்தல். கரித்தண்டுகளைக் கிடையாக வைத்தபோது சூட்டில் சுடர் மேலே வளைந்தது, அதனால் வந்த பெயர். வெல்டிங் டார்ச்சின் (கைப்பிடியின்) கீழ் இருப்பதோ கூம்பு. 'மின்சுடர்' என்றால் என்ன குறை?

புலவர்:
தொல்காப்பியர் உரியியலில் அலமரல், தெருமரல் இரண்டுக்கும் சுழற்சி என்று பொருள் சொல்லியிருக்கிறார். 'வில்லலமரல்' என்க. வெல்டிங்குக்குப் 'பற்றவைப்பு' என்பதும் வேண்டாம், பீடி நினைவு வருகிறது. பொற்கொல்லரிடம் நகையை ஒட்டவைக்கும் 'பற்றாசு' இருக்கிறதே! ஆசிடை நேரிசை வெண்பாவில் முதற்குறளையும் தனிச்சொல்லையும் ஒட்டவைக்க ஓரசை ஈரசை சேர்க்கிறோமே, அந்த ஆசு இதுதான். ஆசுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. ஒட்டும் இடத்தில்தான் குற்றம் தங்கும் போலும்.

பட்டறைக்காரன்:
ஐயா, பற்றாசுங்கறது பொடி வெச்சு ஊதறது. அதுல தங்கம் உருகாது, பொடிதான் உருகும். வெல்டிங்ல ரெண்டு ஓரமும் உருகிக் கலக்கணும். வில்லலமரல்னு நாலு தடவை வேகமாச் சொல்லிப் பாருங்க, நாக்கு ஆடும்.

வெல்டிங் வாத்தியாரே, நீங்க ரெண்டு கோளாறை ஒரே பேருக்குள்ள அடைக்கறீங்க. இடம் மாறி ஓடறது ஒண்ணு, விட்டு விட்டு எரியறது ஒண்ணு. ஓடினா டங்ஸ்டனைப் பாருங்க. ஒட்டின முனையை ஒடிச்சுட்டு, டங்ஸ்டனுக்குன்னு வெச்ச தனிச் சாணைக் கல்லுல நீளவாக்குல தீட்டணும். 3.2 மி.மீ. தடிமன் டங்ஸ்டன் போட்டு 50 ஆம்பியர்ல ஓட்டினாலும் இதே கதைதான், முனை முழுக்கச் சூடேறாது. விட்டு விட்டு எரிஞ்சா எர்த் கிளாம்புக்கு அடியில பெயிண்ட் இருக்கான்னு பாருங்க, அப்புறம் ஆர்கான் வாயுவைப் பாருங்க.

இயற்பியல் ஆசிரியர்:
சரியான பிரிப்பு. 50 ஹெர்ட்ஸ் என்றால் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியை (பூஜ்யத்தை) தாண்டும். ஒவ்வொரு முறையும் சுடர் மீண்டும் பற்றியாக வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; மேலே உள்ள ஆக்சைடுக்கு 2,000-க்கும் மேல் வேண்டும். அந்தப் படலம் உடைவது அலுமினியம் எதிர்மின்முனையாகும் அரைச்சுற்றில்தான். பற்றுவதற்கு முரண்டு பிடிப்பதும் அதே அரைச்சுற்றுதான். ஆகவே இரண்டாவது கோளாறு ஆட்டமே அல்ல, அவிவு.

வெல்டிங் ஆசிரியர்:
அப்படியானால் 'வில் அலைதல்', 'வில் அவிதல்'. தெருவில் அலைவதும் விளக்கு அவிவதும் பையனுக்குத் தெரியும். மின்வில் பாடநூலில் ஏறிவிட்டது, மின்சுடருக்கு மன்னிக்கவும். அடைப்புக்குறிக்குள் 'ஆர்க் ஆடுவது' என்றும் போடுகிறேன்.

புலவர்:
உள்ளே ஆர்க் என்று போட்டபின் வெளியே தமிழ் எதற்கு? என் மறுப்பைப் பதிந்துகொள்க. இட்லியும்தான் அவிகிறது.

பட்டறைக்காரன்:
அணையறதுன்னு போட்டுக்கலாமே.

புலவர்:
அணைதல் தழுவுதலும் ஆகுமே?

வெல்டிங் ஆசிரியர்:
ஐயா, குறிப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. அவிதல்தான்.