பேவ்மென்ட்டுக்குத் தமிழ் என்ன? ‘நடைபாதை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

க. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு பல்கலைக்கழகப் போக்குவரத்துப் பொறியியல் துறையின் ஆய்வு அறிமுக ஏட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மொத்தம் மூன்று பகுதிகள்: சாலைப் போக்குவரத்து, வான் போக்குவரத்து, பேவ்மென்ட். முதல் இரண்டையும் ஒருவழியாக முடித்துவிட்டேன். மூன்றாவதில் தலைப்பே தகராறு.

அகராதியைத் திறந்தால் ‘நடைபாதை’ என்கிறது. ஏட்டில் இருப்பதோ ஓடுபாதையில் விமானச் சக்கரம் ஏறும்போது பேவ்மென்ட்டில் உண்டாகும் தகைவு (ஸ்ட்ரெஸ்) பற்றிய பேச்சு. நடைபாதை என்று போட்டால் விமானம் பிளாட்பாரத்தில் ஏறிவிடும். ‘சாலைத்தளம்’ என்றால் ஓடுபாதைக்குச் சேராது. வெறும் ‘தளம்’ என்றால் விமானத்தளமா, இணையதளமா, மாடியின் இரண்டாம் தளமா என்று கேட்பார்கள். போதாக்குறைக்கு ‘ஃப்ளெக்சிபிள்’ (நெகிழ்), ‘ரிஜிட்’ (விறைப்பு) என்ற இரண்டு அடைகளும் முன்னால் வந்து ஒட்ட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல், ஆகவே சின்னதாக இருந்தால் புண்ணியம்.

– க.

மா. எழுதியது:

அன்புள்ள க. அம்மாவுக்கு,

சொல் நம் வீட்டு முற்றத்திலேயே கிடக்கிறது. பாவுதல். கல் பாவிய முற்றம், கல் பாவிய தெரு என்று இன்றைக்கும் சொல்கிறோம். பரப்பி வைத்தல் என்பது பொருள். பரவு என்பதோடு உறவுடைய சொல்தான் பாவு. நாற்றங்காலில் விதை பாவுகிறார்கள். தறியில் நீளவாக்கில் பரப்பிய நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடு. மகிழ்ச்சியில் இருப்பவனுக்குக் கால் தரையில் பாவுவதில்லை. சுயம்வரத்தில் நளனைப் போலவே வேடமிட்டு நின்ற தேவர்களின் கால் நிலத்தில் பாவவில்லை, தமயந்தி அதைப் பார்த்துத்தான் உண்மை நளனைக் கண்டுகொண்டாள். நிலத்தைத் தொடுவதும் பரப்புவதும் ஒரே வினைக்குள் இருக்கிற அழகைப் பாருங்கள். ஆங்கிலப் ‘பேவ்’ கூட இங்கிருந்து கப்பலேறியதாகத்தான் இருக்க வேண்டும்.

‘பாவுதளம்’ என்று எழுதுங்கள். வினைத்தொகை, ஆகவே வலி மிகாது. ‘பாவுத்தளம்’ என்று யாராவது திருத்தினால் அது தறி போடும் இடமாகிவிடும்.

– மா.

ந. எழுதியது:

ஐயா, ‘பேவ்’ இலத்தீன் ‘பவீரே’யிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் பரப்புதல் அன்று. அடித்தல், இடித்துக் கெட்டிப்படுத்துதல். அடித்து இறுக்கிய தரை ‘பவிமெந்தும்’. ஒலி ஒத்துவருகிறது என்பதற்காகக் கப்பலேற்ற வேண்டாமே.

என் கட்சி எளிது. ‘பேவ்மென்ட்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம். இந்த ஏட்டைப் படிக்கப்போகிற மாணவர் நாளைக்கு ஆய்வுக் கட்டுரை படிப்பதும் எழுதுவதும் ஆங்கிலத்தில். விமான நிலையங்கள் வெளியிடும் தாங்குதிறன் குறியீட்டைப் பாருங்கள், ‘80/ஆர்/பி/டபிள்யூ/டி’ என்கிற பாணியில் இருக்கும். அதில் ‘ஆர்’ என்றால் ரிஜிட், ‘எஃப்’ என்றால் ஃப்ளெக்சிபிள். உலகம் முழுக்க அதே எழுத்து. இதில் ‘விறைப்பு’ என்று எழுதி யாருக்கு என்ன இலாபம்?

– ந.

செ. எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் துறையில் வேலை செய்கிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் தேடுவதற்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். சாலையில் துளையிட்டு உருளையாக ஒரு துண்டை வெளியே எடுப்போம். மேசையில் நிறுத்தினால் மேலே விரலளவு கருப்பாக, நெருக்கமாக, சின்னக் கல்லோடு ஓர் அடுக்கு. அதற்குக் கீழே அதே கருப்பு, ஆனால் கல் பெரிது, இடைவெளியும் தெரியும். இரண்டும் சரியாக ஒட்டாத இடத்தில் கையால் திருகினாலே தனித்தனியாக வந்துவிடும், அந்தச் சாலை சீக்கிரம் கெட்டதற்கு அதுவே சாட்சி. அதற்கும் கீழே உள்ள சரளையடுக்கு உருளையாக வராது, உதிரும். குழிக்குள் கைவிட்டு அள்ளித்தான் எடுக்க வேண்டும். கடைசியில் மண். இந்த மண்ணுக்கு மேலே உள்ள அடுக்குகள் எல்லாம் சேர்ந்ததுதான் பேவ்மென்ட். கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு அதில் ஒரு தோல், அவ்வளவுதான். எங்கள் ஆய்வில் முக்கால்வாசி அந்தத் தோலுக்குக் கீழே நடப்பதைப் பற்றியது.

‘தளம்’ என்று தனியாக வைத்தால் எனக்கு இன்னொரு தொல்லை உண்டு. அடுக்குகளில் ஒன்றை ‘அடித்தளம்’ என்கிறோம். அப்புறம் ‘நெகிழ் தளத்தின் அடித்தளம்’ என்று எழுத வேண்டிவரும். வகுப்பில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

நெகிழ், விறைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. மெத்தை மேல் ஒருவர் நேராக நின்றால் காலடியில் பள்ளம் விழுகிறது. பலகை போட்டு அதன் மேல் நின்றால் மெத்தை முழுவதும் கொஞ்சமாக அமுங்குகிறது. முதலாவது நெகிழ் வகை: சுமை அடுக்கடுக்காக விரிந்து இறங்கும். இரண்டாவது காங்கிரீட் பலகம்: வளைவை எதிர்த்து நின்று சுமையை அகலமாகப் பரப்பும். அந்தப் பலகத்தின் கணக்கை வெஸ்டர்கார்ட் என்ற பொறியியல் அறிஞர் 1926இலேயே போட்டுவிட்டார். அடுக்குகளின் கணக்கு 1943இல் பர்மிஸ்டர் என்ற இன்னோர் அறிஞர் கையில்தான் வந்தது. ‘நெகிழ்’ என்றதும் இரப்பர் மாதிரி ஆடும் என்று நினைக்க வேண்டாம். லாரிச் சக்கரம் ஏறும்போது அமுங்குவது மில்லிமீட்டர் கணக்கில்தான்.

ந. சொல்லும் குறியீடு 2024 நவம்பரிலிருந்து பி.சி.என். (பேவ்மென்ட் கிளாசிஃபிகேஷன் நம்பர்) போய் பி.சி.ஆர். (பேவ்மென்ட் கிளாசிஃபிகேஷன் ரேட்டிங்) ஆகிவிட்டது. எண் கணக்கிடும் முறை மாறியது, எஃப்பும் ஆரும் அப்படியே இருக்கின்றன. அது விமானியும் விமான நிலையப் பொறியாளரும் படிக்கிற குறியீடு. க. மொழிபெயர்ப்பது பள்ளி முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் படிக்கிற ஏடு. இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

‘பாவுதளம்’ எனக்குப் பாதி சம்மதம். பாவுவது என்றால் கல்லை வரிசையாக வைப்பது. நாங்கள் கொட்டி, பரப்பி, உருளையால் அழுத்துகிறோம். ந. சொன்ன இலத்தீன் வேர்தான் வேலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

– செ.

மா. எழுதியது:

அடித்து இறுக்குவதுதான் வேண்டுமென்றால் அதற்கும் சொல் உண்டு: குட்டிமம். கல் பரப்பி இறுக்கிய தரை. வடமொழி என்று ஒதுக்க வேண்டாம். அதன் வேரைத் தோண்டினால் நம் குத்து, கொட்டு வந்து நிற்கும் என்பது என் துணிபு. தளவரிசை என்று இன்னொரு பழஞ்சொல்லும் இருக்கிறது, ‘வரிசை’யில் அடுக்கும் வந்துவிடுகிறது பாருங்கள்.

செ. தம்பிக்கு ஒன்று. சுமைக்கும் சாலைக்கும் உள்ள உறவை வள்ளுவரே சொல்லியிருக்கிறார்: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’.

– மா.

செ. எழுதியது:

ஐயா, வள்ளுவர் கவலைப்பட்டது அச்சைப் பற்றி. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். எங்களுக்கு அச்சு முறிந்தாலும் பரவாயில்லை, முறியாமல் சாலையை நசுக்கிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் தனியாகச் சோதனைப் பாதைகள் போட்டு, வெவ்வேறு சுமையோடு லாரிகளை இரண்டு ஆண்டுகள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து கிடைத்த தோராய விதி: சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்காக, அதாவது அதே எண்ணை நான்கு முறை போட்டுப் பெருக்கிய அளவில் ஏறும். சுமை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. அரை டன் அச்சோடு போகும் காரையும் 8 டன் அச்சோடு போகும் லாரியையும் ஒப்பிட்டால் 65,536 மடங்கு. சாலையைக் கெடுப்பது எண்ணிக்கையில் மிகுந்த கார்கள் அல்ல என்பதை மாணவர்களுக்கு விளங்கவைக்க இந்த ஓர் எண் போதும்.

ஓடுபாதையில் இன்னும் வேடிக்கை. பெரிய விமானங்களில் ஒரே சக்கரத்துக்கு 25 டன்னுக்கு மேல் வரும். ஆனால் எல்லோரும் நினைப்பதுபோலத் தரையிறங்கும் இடத்தில் அடி அதிகம் இல்லை. அப்போது எரிபொருள் குறைந்திருக்கும், இறக்கையும் எடையில் பெரும்பகுதியைத் தாங்கும். தொட்டியை நிரப்பிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து, வரிசையில் நின்று காத்திருக்கிறதே, அங்கேதான் பேவ்மென்ட் சாகிறது. (பார்த்தீர்களா, நானே பேவ்மென்ட் என்று எழுதிவிட்டேன். ந. சிரிக்கலாம்.)

– செ.

ந. எழுதியது:

சிரித்தாயிற்று.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். க., உங்கள் ஏட்டின் தலைப்பே ‘போக்குவரத்துப் பொறியியல்’. முதல் பகுதியின் தலைப்பு ‘சாலைப் போக்குவரத்து’. டிரான்ஸ்போர்ட்டேஷன், டிராஃபிக் இரண்டும் வேறு வேறு. ஒன்று ஆளையும் சரக்கையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு முழுவதும். மற்றது பாதையில் ஊர்திகள் ஓடும் ஓட்டம். இரண்டுக்கும் போக்குவரத்து என்றே போட்டுவிட்டு, பேவ்மென்ட்டுக்கு மட்டும் நளன் தமயந்தி வரைக்கும் போவானேன்?

– ந.

இ. எழுதியது:

ந. சொல்வது நியாயம். நான் வகுப்பில் டிராஃபிக்கை ‘ஊர்தியோட்டம்’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். நெரிசல் பற்றிப் பேசும்போது நன்றாகவே உட்கார்ந்தது. ஜப்பானில் செய்து 2008இல் வெளியிட்ட சோதனை நினைவிருக்கிறதா? 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். விபத்து இல்லை, விளக்கு இல்லை, பாதை குறுகவும் இல்லை. இருந்தும் சற்று நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் முளைத்து, கார்கள் போகும் திசைக்கு எதிராக மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில் பின்னோக்கி நகர்ந்தது. ‘ஊர்தியோட்டத்தில் எழும் அலை’ என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது. ‘போக்குவரத்து அலை’ என்றால் ஏதோ பேருந்துத் திட்டம் என்று நினைக்கிறார்கள்.

பாவுதளத்துக்கு என் வாக்கு உண்டு. ‘குட்டிமம்’ வேண்டாம், குட்டி என்றதும் ஆட்டுக்குட்டிக்குப் போய்விடுவார்கள். ‘தளவரிசை’யில் மறுபடியும் அடித்தளச் சிக்கல், மேலும் நெகிழ்தளவரிசை என்று வாய்விட்டுச் சொல்ல மூச்சு போதாது.

இன்னொரு வேண்டுகோள், இடம் இருந்தால் தாருக்கும் வழி செய்யுங்கள். இன்று சாலையில் ஊற்றுவது நிலக்கரியிலிருந்து வரும் தார் இல்லை, கச்சா எண்ணெயை வடித்த பிறகு மிஞ்சும் பிட்டுமென்.

– இ.

மா. எழுதியது:

தாருக்கு நம் சொல் கீல். நிலக்கீல் என்று கலைச்சொல் பட்டியல்களில் ஏறியே விட்டது. ‘தார்’ என்றால் நமக்கு மாலை, வேந்தன் மார்பில் கிடப்பது. அதைச் சாலையில் ஊற்றலாமா?

– மா.

க. எழுதியது:

ஐயா, நாளை வியாழன். மாலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு முடிவு செய்தது இது. ‘பாவுதளம்’. முதல் முறை வரும் இடத்தில் ‘மண்ணின் மேல் அடுக்கடுக்காக அமைத்த சாலை அல்லது ஓடுபாதையின் உடல்’ என்று ஒரு வரி விளக்கம். பிறகு ‘நெகிழ் பாவுதளம்’, ‘விறைப்புப் பாவுதளம்’. அடித்தளம் என்பதை ‘அடியடுக்கு’ ஆக்கிவிட்டேன், செ. சொன்ன மோதல் தீர்ந்தது. முதல் பகுதியில் டிராஃபிக் வரும் இடங்களில் ‘ஊர்தியோட்டம்’, தலைப்பில் மட்டும் துறையார் கேட்டுக்கொண்டபடி போக்குவரத்து என்றே இருக்கும். பிட்டுமென் பிட்டுமென்னாகவே இருக்கிறது, மா. ஐயா மன்னிக்க வேண்டும்.

உதவிய அனைவருக்கும் நன்றி.

– க.

ந. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘பாவுதள மேலாண்மை’ என்று ஒரு பாடத்தலைப்பு வந்தால் நெசவுத் தொழிற்சாலை நிருவாகம் என்று நினைத்து யாராவது சேரத்தான் போகிறார்கள். பிட்டுமென்னை விட்டுவைத்தவர்களுக்குப் பேவ்மென்ட்டை விட்டுவைக்க மனம் வரவில்லை.

– ந.

மா. எழுதியது:

விறைப்பு வேண்டாம், குளிரில் விறைத்த பிணம் நினைவுக்கு வருகிறது. ‘திண்பாவுதளம்’ என்க.

– மா.

செ. எழுதியது:

திண் என்றால் கெட்டி. நெகிழ் வகையும் கெட்டிதான் ஐயா, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். க., ஏடு போவதற்குள் ஒன்று: பாவுதளத்துக்கு இரு பக்கமும் ஒட்டி வரும் ‘ஷோல்டர்’ ஓடுபாதைப் படத்தில் இருக்கிறதே, அதற்கு என்ன போட்டீர்கள்? ‘தோள்’ என்று மட்டும் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

– செ.