லூபஸ் உள்ள மகளுக்கு வைட்டமின் டி 11, வெயிலில் நிற்க வைக்கலாமா?

கேள்வி:
மகளுக்கு 12 வயது. ஆறு மாதமாக லூபஸுக்கு (எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்) ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் பிரெட்னிசோலோனும் சாப்பிடுகிறாள். வெயில் பட்டால் கன்னம் சிவந்து தடிக்கும், அதனால் குடையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அனுப்புவதில்லை. இப்போது ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது. எலும்புக்குத்தானே அது? காலை வெயிலில் கொஞ்சம் நிற்கட்டும் என்கிறார் மாமியார்.

பதில் 1:
வெயில் வேண்டாங்க. லூபஸ் உள்ள என் பையன் ஸ்போர்ட்ஸ் டே அன்று முழுநாளும் மைதானத்தில் இருந்தான், மறுவாரமே மூட்டு வீங்கி, சிறுநீரில் புரதமும் வந்துவிட்டது. மருந்தாகவே கொடுங்கள். பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, அதுவும் எலும்பை அரிக்கும், அதனால் கால்சியம் பற்றியும் கேளுங்கள்.

பதில் 2:
எலும்புக்கு மட்டும் இல்லை. நோய் எதிர்ப்பு செல்கள் பலவற்றில் வைட்டமின் டிக்கான ஏற்பி, அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருக்கிறது. ஆய்வகத்தில் பார்த்தால், எதிர்ப்பை அடக்கி வைக்கும் ரெகுலேட்டரி செல்கள் அதனால் கூடுகின்றன, அழற்சியைக் கிளப்பும் டிஎச்17 செல்கள் அடங்குகின்றன, பி செல்கள் ஆன்டிபாடி தயாரிப்பதும் குறைகிறது. லூபஸில் உடலையே தாக்கும் ஆன்டிபாடிதானே தொல்லை. ஆனால் குறைபாடு நோயைக் கூட்டுகிறதா, வெயிலுக்கு ஒளிவதால் குறைபாடு வருகிறதா என்று பிரிப்பது கஷ்டம். சிகிச்சை ஆய்வுகளின் முடிவும் ஒன்றுபோல இல்லை. 11 என்பது குறைவுதான், சரிசெய்யுங்கள், ஆனால் இதை நம்பி ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 3:
வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் எழுதித் தந்தால் வாரம் ஒன்றா, மாதம் ஒன்றா என்று கேட்டு அட்டையிலேயே குறித்துவையுங்கள். தினமும் கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அப்புறம் சிறுநீரகத்துக்கும் கேடு. லூபஸ் பிள்ளைக்கு சிறுநீரகம் ரொம்ப முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் அளவு கேட்கிறேன், குடை தொடரட்டும்.