மசக்கைக்கு வாசனை எண்ணெய் யூஸ் பண்ணலாமா? ஊட்டி கடையில விக்கிறது சரிப்படுமா?

கோத்தகிரி மருமக:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்ப 9வது வாரம் நடக்குது, முதல் குழந்தை. மசக்கைன்னா காலைல மட்டும்தான் இருக்கும்னு சொன்னாங்க, எனக்கு விளக்கு வைக்கிற நேரத்துலதான் ஜாஸ்தி, கீழ் வீட்டுல வெங்காயம் தாளிச்சா போதும் நான் இங்க பாத்ரூமுக்கு ஓடணும். வீட்டுக்காரர் ஊட்டி போனப்ப ஒரு கடையில யூகலிப்டஸ், லெமன்கிராஸ், வின்டர்கிரீன், ஜெரேனியம்னு நாலு சின்ன பாட்டில் வாங்கிட்டு வந்துட்டார், கூட கரண்ட்ல போட்டா வாசனையை ரூம் பூரா பரப்பற டிஃப்யூசர் வேற. அரோமாதெரபி பண்ணா குமட்டல் நின்னுடும்னு கடைக்காரர் சொன்னாராம். மாமியார் அதெல்லாம் ஒண்ணும் வேணாம், எலுமிச்சம்பழத்தை மோந்து பாருன்னு சொல்றாங்க. யாராவது யூஸ் பண்ணிருக்கீங்களா? குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே? அடுத்த வாரம் ஸ்கேனுக்கு மேட்டுப்பாளையம் இறங்கணும், அந்த வளைவுகளை நெனச்சாலே இப்பவே வாயில தண்ணி ஊறுது.

குன்னூர்க்காரி:
நான் உங்க மாமியார் கட்சி மா. எனக்கு ரெண்டு பிரசவத்துலயும் மசக்கை படுத்தி எடுத்துடுச்சு. எலுமிச்சை தோலை நகத்தால கீறி மோந்தா அந்த நேரத்துக்கு அடங்கும், முழுசா நிக்காது, ஆனா அடுத்த வாய் சோறு உள்ள போற அளவுக்கு அடங்கும், அது போதாதா? பழம் இல்லைன்னா இலை, நார்த்தை இலையா இருந்தாலும் சரி, கசக்கி கர்ச்சீப்ல முடிஞ்சு வச்சுக்கோங்க.

டிஃப்யூசர் மட்டும் நம்ம ஊருக்கு வேணாம்பேன். கீழ சமவெளியில ஜன்னலைத் திறந்து போட்டிருப்பாங்க, நாம குளிருக்கு எல்லாத்தையும் சாத்திட்டு உக்காந்திருக்கோம், கொஞ்ச நேரத்துல ரூம் பூரா அடைச்சுக்கும், அப்புறம் அந்த வாசனை பிடிக்கலைன்னா அதை எங்க கொண்டு போய் கொட்டுவீங்க? கர்ச்சீப்னா தூக்கி வெளிய போட்டுடலாம். அப்புறம் ஒரே வாசனையையே பிடிச்சுக்காதீங்க. என் தங்கச்சி மசக்கை பூரா லாவண்டரை மோந்து மோந்து, இப்ப பையன் ஸ்கூல் போறான், இன்னமும் லாவண்டர் சோப்பு கண்டா முகத்தைத் திருப்பிக்கிறா.

நைட் ஷிப்ட் நர்ஸ்:
முதல்ல அந்த வின்டர்கிரீன் பாட்டிலை எடுத்து தனியா வைங்க சிஸ்டர். அந்தச் செடி நம்ம மலையிலயே தானா வளர்றதுதான், அதனால சாதுன்னு நினைச்சுடாதீங்க. அதுல கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் குடும்பம். ஒரு டீஸ்பூன் எண்ணெய்ல 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல சரக்கு இருக்கு. கர்ப்பத்துல தடவவும் வேணாம், மோந்து பாக்கவும் வேணாம்.

யூகலிப்டஸ் சளிக்கு நல்லதுதான், ஆனா குமட்டலுக்கு அதை நான் சொல்ல மாட்டேன், நெடி ரொம்ப தூக்கல். வலிப்பு வர்றவங்க, ஆஸ்துமா இருக்கறவங்க அந்தப் பக்கமே போகக்கூடாது, கற்பூரத் தைலமும் அப்படித்தான். எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு சொட்டு கூட வாய்க்குள்ள போகக்கூடாது, வெந்நீர்ல விட்டுக் குடிச்சா நல்லதுன்னு யாராவது சொன்னா சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துடுங்க. நேரா தோல்லயும் தடவாதீங்க. எலுமிச்சை எண்ணெயைத் தடவிட்டு வெயில்ல நின்னா தோல் வெந்து போகும், மலை வெயில் சுருக்குன்னு அடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

எலுமிச்சை வாசனைக்கு கொஞ்சம் ஆதாரமும் இருக்கு. 2014ல ஈரான்ல 100 கர்ப்பிணிகளை வச்சு செஞ்ச ஆய்வு வெளியாச்சு, ஒரு பாதி பேருக்கு எலுமிச்சை எண்ணெய், மறு பாதிக்கு பாதாம் எண்ணெய், நாலு நாள் மோந்து பாத்தாங்க, எலுமிச்சை மோந்தவங்களுக்கு குமட்டல் குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், ஆனா பழத்தை மோந்து பாக்கறதுல நஷ்டம் ஒண்ணும் இல்லையே. பெப்பர்மிண்ட் விஷயத்துல முடிவு அவ்வளவு தெளிவா இல்ல, சில ஆய்வுல சும்மா எண்ணெய்க்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல.

என்னைக் கேட்டா புதுசா வாசனை சேக்கறதைவிட இருக்கற வாசனையைக் குறைக்கறதுதான் பெரிய வேலை. ஊதுபத்தி, கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாத்துக்கும் லீவு குடுங்க. சாப்பாட்டை ஆற வச்சு சாப்பிடுங்க, சூடா இருந்தாத்தான் மணம் ஏறும்.

பழைய ஆளு:
எங்க அம்மா எட்டு பெத்தாங்க, எந்த வாசனையும் பாக்கல, தேயிலைத் தோட்டத்துல கடைசி மாசம் வரைக்கும் கொழுந்து பறிச்சாங்க. இதெல்லாம் மனசுதான் தாயி, தைரியமா இரு.

நைட் ஷிப்ட் நர்ஸ்:
ஐயா, பெரியவங்க, கோவிச்சுக்காதீங்க. மனசு இல்லைங்க இது. கர்ப்பத்துல நஞ்சுக்கொடியில இருந்து ஜிடிஎஃப்15னு ஒரு ஹார்மோன் நிறைய வருது, அது மூளையில வாந்தி வர வைக்கிற இடத்தைத் தொடுதுன்னு 2023ல தெளிவாவே எழுதியிருக்காங்க. முன்னாடி உடம்புல அது கம்மியா இருந்து பழகினவங்களுக்கு திடீர்னு ஏறுறப்ப ஜாஸ்தி படுத்துமாம். உங்க அம்மாவுக்கு அவ்வளவா படுத்தலைன்னா அவங்க உடம்பு வாகு அப்படி. இல்ல வாந்தி எடுத்துக்கிட்டேதான் கொழுந்து பறிச்சாங்களோ என்னவோ, அந்தக் காலத்துல யாரு கேட்டா.

சிஸ்டர், உங்களுக்கு ஒண்ணு. 9வது வாரம்தான் உச்சம், நிறைய பேருக்கு 12ல இருந்து 16 வாரத்துக்குள்ள தணிஞ்சுடும். தாங்கலைன்னா டாக்டர்கிட்ட கேளுங்க, பி6 விட்டமினும் டாக்சிலமினும் சேந்த மாத்திரை இதுக்குன்னே இருக்கு. ஒரு நாள் முழுக்க தண்ணி கூட உள்ள நிக்கல, யூரின் ரொம்ப கம்மியா அடர் நிறத்துல போகுது, எழுந்தா தலை சுத்துது, வாந்தியில ரத்தம், இதுல ஏதாவது ஒண்ணு வந்தாலும் எலுமிச்சையெல்லாம் தூரப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், டிரிப்ஸ் ஏத்தினாத்தான் சரியாகும்.

கொடை டிரைவர்:
மலை இறங்கறதுக்கு நான் சொல்றேன் தங்கச்சி, பழனி மலையில வண்டி ஓட்டறவன், எங்க ரோட்டுலயும் வளைவுக்குப் பஞ்சம் இல்ல. வண்டிக்குள்ள தொங்குற மல்லிகை பெர்ஃப்யூமை முதல் நாள் ராத்திரியே கழட்டச் சொல்லுங்க, பாதி பேருக்கு வாந்தி வளைவால வரல, அந்தக் கருமத்தாலதான் வருது. முன் சீட், பெல்ட்டை வயித்துக்குக் கீழ போடுங்க, கண்ணாடி ரெண்டு விரல் இறக்கி வைங்க, போன் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. வெறும் வயித்துல கிளம்பாதீங்க, ரெண்டு இட்லியாவது. டிரைவர்கிட்ட கூச்சப்படாம நிறுத்தச் சொல்லுங்க, நாங்க பாக்காத வாந்தியா.

கோத்தகிரி மருமக:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிஃப்யூசரை எடுத்து உள்ள வச்சாச்சு, இன்னிக்கு எலுமிச்சை இலையை வச்சுக்கிட்டு ரசம் சாதம் கொஞ்சம் சாப்பிட்டேன், மாமியாருக்கு ஒரே பெருமை. அந்த வின்டர்கிரீனை மாமனார் முட்டி வலிக்குத் தடவிக்கிறேன்னு கேக்கறார், குடுக்கலாமா?

நைட் ஷிப்ட் நர்ஸ்:
அவர் ஹார்ட்டுக்காக ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா? சாப்பிட்டா வேணவே வேணாம், ரத்தக் கசிவு ஆகும். இல்லைன்னா தேங்காய் எண்ணெய்ல ரெண்டு சொட்டு கலந்து தடவட்டும், உங்க ரூம்ல வச்சு இல்ல, வராந்தால.